71,000 டாலர் உங்கள் மகளின் சம்பளம் அல்ல

ஐயா, மகளுக்கு அமெரிக்காவின் ஜார்ஜியாவில் எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது, அங்கே சராசரி வருமானம் 71,000 டாலராமே, கல்விக் கடனைச் சீக்கிரம் அடைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். அந்த எண்ணை வைத்துக் கடன் கணக்குப் போடாதீர்கள்.

2018–2022 காலத்துக்கு அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை சொல்லும் 71,355 டாலர் குடும்ப வருமானம். சராசரியும் அல்ல, மீடியன்: எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்கும் குடும்பத்தின் தொகை. வீட்டில் இருவர் வேலை பார்த்தால் இரண்டு சம்பளமும் சேரும், ஓய்வூதியமும் சேரும். புதிதாக வேலைக்குச் சேரும் ஒரு பெண்ணின் சம்பளம் அதில் தெரியாது.

இடத்துக்கு இடமும் மாறும். 2020 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,07,11,908 பேர்; 60 லட்சத்துக்கும் மேல் அட்லாண்டா பெருநகரப் பகுதியில்தான். மொத்தம் 159 கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்). இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் கம்மிங், ஃபோர்சித் கவுண்டியில் இருக்கிறது. அங்கே மீடியன் 1,30,000 டாலரை ஒட்டி. அங்கிருக்கும் உறவினர் சொல்வதைக் கேட்டு மனக்கோட்டை கட்ட வேண்டாம். ஜார்ஜியா பல்கலைக்கழகம் உள்ள ஏதென்ஸ் நகரில் அதில் பாதிக்கும் குறைவு. அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்: வெளியே வாடகைக்கு இருக்கும் மாணவர்களும் அங்கே குடும்பங்களாக எண்ணப்படுவதால் எண் இறங்கிவிடுகிறது. விடுதி மாணவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

இணையத்தில் தேடும்போது 'அமெரிக்கா' என்று சேர்த்துத் தேடுங்கள். இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்கப் போகும் ஜார்ஜியா நாட்டின் விவரம் வந்து கலந்துவிடும்.

நீங்கள் பார்க்க வேண்டியது அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் தொழில்வாரிச் சம்பளப் பட்டியல். மாநிலத்தை விட்டுவிட்டு அட்லாண்டா பெருநகரத்தைத் தேர்ந்தெடுங்கள். மகள் போகக்கூடிய வேலையின் பெயரைத் தேடுங்கள். 10, 25, 50, 75, 90 என்று ஐந்து நிலைகள் இருக்கும்; 25 என்றால், அந்த வேலையில் நூறில் 25 பேர் அதற்கும் குறைவாக வாங்குகிறார்கள் என்று பொருள். அனுபவமில்லாதவருக்கு 25-ஐ எடுங்கள். 50-ல் பல வருட அனுபவசாலிகளும் கலந்திருப்பார்கள்.

அதிலிருந்து மத்திய வருமான வரி, மாநில வரி (2025-ல் 5.19 சதவீதம்), வாடகை எல்லாம் கழியுங்கள். காரை மறக்காதீர்கள். அட்லாண்டாவின் மார்ட்டா ரயில் புறநகரில் பெரும்பகுதிக்குப் போவதில்லை. கார், காப்பீடு, பெட்ரோல் இல்லாமல் பல வேலைகளுக்குப் போய்வர முடியாது. ஒரு சலுகை உண்டு: எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவருக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தமான 7.65 சதவீதம் கிடையாது. நிறுவனம் தவறிப் பிடித்தால் சம்பளச் சீட்டைக் காட்டித் திரும்பக் கேட்க வேண்டும்.

படிக்கும்போதே சம்பாதித்துக் கட்டணம் கட்டிவிடுவாள் என்றும் எண்ண வேண்டாம். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. ஜார்ஜியாவுக்குப் பொருந்தும் மத்திய குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலர். அந்தக் கூலியில் வாரத்துக்கு 145 டாலர். மளிகைக்கும் கைச்செலவுக்கும் சரியாகப் போகும்.