லப்டொப்பை மூடித் திறந்தால் கறுப்புத் திரை, பின் நம்பரும் ஏற்கவில்லை: ஃபோமட் அடிக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: யாழ்ப்பாணத்தில் படிக்கும் ஒரு மாணவர். கனடாவில் இருக்கும் மாமா தான் பாவித்த லப்டொப்பை அனுப்பியிருக்கிறார், விண்டோஸ் 11. மூடிப் பையில் வைத்துக்கொண்டு விரிவுரைக்குப் போய்த் திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கிறது. எடுக்கும்போது அடிப்பக்கம் சுடுகிறது. எழும்பினாலும் சில வேளை பின் நம்பரை ஏற்பதில்லை. கடையில் "ஃபோமட் அடிச்சால் எல்லாம் சரி" என்கிறார்கள். அடிக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். உங்கள் விஷயத்தில் ஃபோமட் அடித்தால், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால், இருக்கிற சிக்கலை விடப் பெரியது ஒன்று வந்து சேர வாய்ப்பு உண்டு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் கணினி திருத்துவதுதான் என் தொழில். இந்த முறைப்பாட்டோடு வருகிற மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஃபோமட் தேவைப்பட்டதே இல்லை. "லப்டொப் எழும்புதில்லை" என்று ஒரே வசனத்தில் சொல்லிவிடுகிறோம். ஆனால் மெஷின் எழும்பாமல் கிடப்பது வேறு, எழும்பியும் திரை வராதது வேறு, திரை வந்தும் உள்ளே விடாதது வேறு. மூன்றுக்கும் மருந்து தனித்தனி. எது என்று பிரிக்காமல் கை வைத்தால் கடைக்காரருக்கு ஃபோமட்தான் சுலபமான வழி.

பிரிப்பது எப்படி? திரை கறுப்பாக நிற்கும்போது கேப்ஸ் லொக் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் மெஷின் உயிரோடுதான் இருக்கிறது, திரைக்குத்தான் படம் போகவில்லை. அப்போது விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ஆங்கில எழுத்து பி-யை (B) அழுத்துங்கள். திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும், ஒரு பீப் சத்தம் கேட்கும், பல மெஷின்களில் திரையும் வந்துவிடும். அப்படி வந்தால் குற்றவாளி டிரைவர். லப்டொப் தயாரித்த கம்பனியின் தளத்தில் உங்கள் மெஷினின் சீரியல் நம்பரைக் கொடுத்து, கிராஃபிக்ஸ் டிரைவரையும், பயோஸ் (விண்டோஸுக்கு முன் மெஷினைத் தொடக்கும் மென்பொருள்) அப்டேட்டையும் எடுத்துப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: கணக்கையும் மீட்புச் சாவியையும் பற்றிக் கீழே எழுதியிருப்பதை முடித்த பிறகே பயோஸில் கை வையுங்கள். பீப் கேட்டும் திரை வராவிட்டால், இருட்டான அறையில் போன் டோர்ச்சைத் திரையில் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் அது பின்விளக்குக் கோளாறு. அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை.

கேப்ஸ் லொக் விளக்கும் அசையாவிட்டால் பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். இது அடிக்கடி நடந்தால் உறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பழைய லப்டொப்களில் மூடியவுடன் நினைவகத்துக்கு (ரேம்) மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். அதற்கு எஸ்3 என்று பெயர். புதியவற்றில் பெரும்பாலும் இருப்பது எஸ்0 வகை, மொடர்ன் ஸ்டான்ட்பை என்பார்கள். இதில் திரை அணைகிறதே தவிர மெஷின் அரைத் தூக்கம்தான். போன் மாதிரி இடையிடையே விழித்து மெயில் பார்க்கும், அப்டேட் தேடும். காற்றோட்டம் இல்லாத பைக்குள் ஏதாவது ஒரு டிரைவர் அதைத் திரும்பத் தூங்கவிடாமல் பிடித்து வைத்தால் சுடும், பற்றரி தீரும், கடைசியில் வெப்பம் தாங்காமல் தானே அணையும். நீங்கள் சொல்லும் அந்தச் சூட்டுக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

உங்களுடையது எந்த வகை என்று அறிய, ஸ்டார்ட் மெனுவில் கொமாண்ட் ப்ரொம்ட்டைத் தேடி, 'அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு' என்பதைக் கொடுத்துத் திறவுங்கள். பவர் என்ற சொல்லையும் சி, எஃப், ஜி என்ற எழுத்துகளையும் ஆங்கிலத்தில் ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஏ என்று முடியுங்கள். எந்த உறக்கம் உண்டு, எது இல்லை என்று பட்டியல் வரும். அந்த ஏ-க்குப் பதில் 'லாஸ்ட்வேக்' என்று கொடுத்தால் கடைசியாக எது எழுப்பியது என்று சொல்லும். 'ரிக்வெஸ்ட்ஸ்' என்று கொடுத்தால் தூங்கவிடாமல் இப்போது எது பிடித்திருக்கிறது என்று காட்டும். பிரவுசரில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டு அங்கே அகப்படுவது வழமை. 'பேட்டரிரிப்போர்ட்' என்று கொடுத்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் பற்றரி புதிதாக இருந்தபோது கொண்ட அளவும் இப்போது கொள்ளும் அளவும் இருக்கும். பாவித்த லப்டொப் வாங்குகிற எவரும் காசு கொடுக்க முன்னம் பார்க்க வேண்டிய அறிக்கை இது.

எஸ்0 தான் என்றால் அதை எஸ்3 ஆக மாற்றும் வித்தைகள் இணையத்தில் கிடக்கின்றன. நான் பரிந்துரைக்க மாட்டேன். வடிவமைப்பிலேயே எஸ்3 இல்லாத மெஷினில் அதை வலிந்து செய்தால் ஒரேயடியாக எழும்பாமல் போகலாம். அதைவிட ஹைபர்னேட்டுக்கு மாறுங்கள். திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு மெஷின் உண்மையாகவே அணையும். சூடும் இல்லை, பற்றரியும் கரையாது. கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் என்ன செய்வது என்ற இடத்தில் பற்றரிக்கும் சார்ஜருக்கும் இரண்டுக்கும் ஹைபர்னேட் என்று வையுங்கள். நினைவகத்தின் நாற்பது வீதம் அளவுக்கு டிஸ்க்கில் இடம் பிடிக்கும், 8 ஜிபி மெஷினில் 3 ஜிபிக்குச் சற்று மேல். திறக்கும்போது சில விநாடி கூடத் தேவைப்படும். எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் இருந்தால் அது ஒரு பொருட்டே இல்லை.

எங்கள் ஊர்க் கரண்டுக்கும் இதுவே பொருந்தும். உறக்கத்தில் இருக்கும் மெஷினுக்கு மின்சாரம் ஒரு நொடி அற்றாலும் சேமிக்காத வேலை போய்விடும். பற்றரி செத்த லப்டொப்பும் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம் போய்விட்டதுதான். ஆனால் 2025 பெப்ரவரி 9 அன்று முழு நாடும் இருண்டபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கைத்தான் அமைச்சர் காரணம் காட்டினார். குரங்கை நம்பி இறுதி வருட ஆய்வறிக்கையை உறக்கத்தில் விட்டுப் போகாதீர்கள்.

கனடா சார்ஜர் என்பதால் இன்னொன்று. அந்தப் பெட்டியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சடித்திருக்கும், எங்கள் 230 வோல்ட்டுக்குப் பயமில்லை. தொல்லை தட்டைப் பின்னில்தான். மலிவான மல்டி பிளக்கில் அது ஆடிக்கொண்டே இருக்கும். தொடுப்பு விட்டு விட்டு வரும்போதெல்லாம் எஸ்0 மெஷினுக்குச் சார்ஜர் புதிதாகச் செருகப்பட்டதாகத் தோன்றும், திரையும் எரியும். இரவில் தானாக எழும்புகிறது, பேய் பிடித்திருக்கிறது என்று கொண்டுவந்த ஒரு மெஷினுக்கு நான் செய்தது, மூன்று பின் வயரை வாங்கிப் போட்டது மட்டும்.

அதுபோல மூடியில் ஒரு காந்தம் இருக்கிறது, அதைக் கொண்டுதான் மெஷின் மூடியதை உணர்கிறது. காந்தம் வைத்த போன் கவரைக் கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை அணையலாம்.

அடுத்து, ஷட் டவுன் என்பதை நம்பாதீர்கள். விண்டோஸ் 8 இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று வந்தது. அது இயங்கினால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்கரு டிஸ்க்கில் எழுதப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்பி வரும். நேற்றுக் குழம்பிய டிரைவர் இன்றும் குழம்பியபடியே இருக்கும். டாஸ்க் மனேஜரில் சிபியூ பக்கத்தில் 'அப் டைம்' என்பதைப் பாருங்கள், தினமும் அணைத்தும் பல நாள் ஓடியதாகக் காட்டினால் இதுதான் விஷயம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாகத் தொடங்கும்.

சரி, உள்ளே விடாத கதைக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வரும் லப்டொப்களில் நான் முதலில் பார்ப்பது கீபோர்ட் மொழியைத்தான். மாமா மொன்றியலில் இருந்தால் கனடியப் பிரெஞ்சு அமைப்பு உள்ளே இருக்கலாம். அதில் ஷிஃப்ட்டோடு 2 அடித்தால் அட் குறி (@) வராது, மேற்கோள்குறி வரும். பாஸ்வேர்டில் அட் குறி இருந்தால் எத்தனை தரம் அடித்தாலும் பிழைதான், திரையில் வெறும் புள்ளி தெரிவதால் கண்டுபிடிக்கவும் முடியாது. பாரிஸிலிருந்து வந்ததென்றால் ஏ-யும் கியூ-வும் இடம் மாறியிருக்கும், ஜெர்மனி சுவிஸ் என்றால் வை-யும் இஸட்-டும். நீங்களே தமிழ் யூனிகோட் கீபோர்ட் சேர்த்திருந்தாலும் இதே கதை, உறக்கத்துக்குப் போகும்போது தமிழில் விட்டிருந்தால் எழும்பும்போதும் தமிழிலேயே நிற்கலாம். பாமினியில் அடிப்பவர்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை, அது எழுத்துரு மட்டும்தானே. லொகின் திரையின் வலது கீழ் மூலையில் மொழிக்குறி இருக்கும். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் அடித்து மாற்றுங்கள், கண் படத்தை அழுத்தி என்ன விழுகிறது என்று பாருங்கள்.

பின் நம்பர் அந்த ஒரு மெஷினுக்குள் மட்டும் இருப்பது, இணையம் தேவையில்லை. பலமுறை பிழையாக அடித்தால் 'ஏ1பி2சி3' என்று அடிக்கச் சொல்லிக் கேட்கும். வைரஸ் என்று பயந்து வருகிறார்கள், அது விண்டோஸே கேட்பதுதான். பாஸ்வேர்ட் அப்படியல்ல, அது மைக்ரோசொஃப்ட் கணக்கினுடையது. மாமா ரொறன்ரோவில் இருந்து மாற்றினாலும் இணையத்தோடு இணையாத லப்டொப்பில் பழைய பாஸ்வேர்ட்தான் வேலை செய்யும். பின் நம்பரை மறந்துவிட்டேன் என்று கொடுத்தால் உறுதி எண் அவருடைய போனுக்குப் போகும். இங்கே பகல் பன்னிரண்டு மணி என்றால் அங்கே விடிய இரண்டரை மணி, பனிக்காலத்தில் ஒன்றரை. பரீட்சைக்கு முதல் நாள் அவரை எழுப்பவேண்டி வரும்.

மெஷினின் திகதியும் பாருங்கள். மதர்போர்ட்டில் இருக்கும் சின்ன வட்டப் பற்றரி செத்தால் பழைய வருடத்துக்குப் போய்விடும், அப்போது இணையக் கணக்கு எதுவும் உள்ளே விடாது. நேர வலயப் பட்டியலில் சென்னை, டில்லி என்று ஒன்றும் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று ஒன்றும் தனித்தனியாக இருக்கும், இரண்டும் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால்தான். எதை வைத்தாலும் சரி, ரொறன்ரோ நேரத்தில் விடாதீர்கள்.

இனி ஃபோமட் ஏன் ஆபத்து என்பது. இந்த லப்டொப் மாமாவின் அலுவலகம் கொடுத்ததா, அவரே வாங்கியதா என்று கேளுங்கள். கம்பனிகள் தங்கள் மெஷின்களை ஓட்டோபைலட் என்ற முறையில் பதிந்து வைப்பதுண்டு. பதிவை நீக்காமல் விற்றிருந்தால், இப்போது ஒழுங்காக ஓடும். ஃபோமட் அடித்து இணையத்தில் இணைத்தவுடன் அந்தக் கம்பனியின் லொகின் வந்து நிற்கும். கணக்குகள் பகுதியில் வேலை அல்லது பாடசாலைக் கணக்கு என்ற இடத்தில் ஏதாவது பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும் மாமாவிடம் கேட்காமல் நம்பிவிடாதீர்கள்.

மற்றது டிஸ்க் பூட்டு. மைக்ரோசொஃப்ட் கணக்கோடு தொடங்கிய விண்டோஸ் 11 மெஷின்களில் பல, கேட்காமலே டிஸ்க்கைக் குறியாக்கம் செய்துவிடுகின்றன. பயோஸ் மாறினாலோ மதர்போர்ட் மாறினாலோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி மாமாவின் கணக்கில் இருக்கும். அது இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டாலும் உங்கள் குறிப்புகளை எந்தக் கடைக்காரராலும் எடுக்க முடியாது. ஆகவே இன்றே மாமாவோடு கதைத்து, அவருடைய கணக்கில் டிவைஸஸ் பகுதியில் இருந்து அந்தச் சாவியை வாங்கிக் கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு உங்கள் பெயரில் ஒரு கணக்குச் சேர்த்து, அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கி, கோப்புகளை அதற்கு மாற்றி, நன்றாக ஓடுகிறது என்று கண்ட பின் மாமாவின் கணக்கை நீக்குங்கள். நீக்கிய பின்னும் கொப்பியைக் கைவிட வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் வாரக்கணக்கில் கறுப்புத் திரை தொடர்ந்தால், அலுவலகப் பதிவு இல்லை என்று மாமா உறுதி சொன்னால், கோப்புகள் வெளி டிஸ்க் ஒன்றில் இருந்தால், ஃபோமட் அடியுங்கள், அதற்குமேல் நான் தடுக்க மாட்டேன். கடையில் கொடுப்பதென்றால் பின் நம்பரைக் கடதாசியில் எழுதி லப்டொப்பில் ஒட்டிக் கொடுக்க வேண்டாம், பலர் அப்படித்தான் தருகிறார்கள். தற்காலிகமாக வேறொரு நம்பர் வைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் மாற்றுங்கள்.