மாலை வகுப்பில் நாடகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வளர்ந்தோர் கல்விக் கல்லூரி ஒன்றின் மாலை வகுப்பில் தமிழ் கற்பிக்கிறேன். ஆண்டிறுதியில் நாடகம் ஒன்று போட மாணவர்கள் விரும்புகிறார்கள். ஆனால் வேலை முடிந்து வருபவர்கள் என்பதால் ஒத்திகைக்கு எல்லோரும் ஒன்றாகக் கூடுவதில்லை. சிலருக்குப் பிரதியைத் தடங்கலின்றி வாசிக்கவும் வராது. இது கைகூடுமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: நிச்சயமாகக் கைகூடும். நீங்கள் குறிப்பிடும் இரண்டு தடைகளும் நம் கூத்துக்குப் பழக்கமானவையே. மட்டக்களப்பில் பகலெல்லாம் வயலில் உழைத்தவர்களே இரவில் கூத்தாடும் களரிக்கு வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொல்லக் கேட்டுப் பாடமாக்கி, விடிய விடிய ஆடினார்கள். முழுப் பிரதி, ஏட்டைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் ஏட்டண்ணாவியார் கையில் இருக்க, ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டும் வசனமும் மட்டுமே ‘சட்டம்’ என்ற பெயரில் கொடுக்கப்பட்டன. ஆடுபவர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடியதால், மூச்சு வாங்கவும் அடுத்த அடியை நினைவுபடுத்தவும் அவருக்கு அவகாசம் கிடைத்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கூத்தைச் சுருக்கிப் பேராதனையில் மேடையேற்றியபோது ஆடியவர்களும் பல்கலைக்கழக மாணவர்களே.

ஆகவே, கதையை நடத்திச் செல்ல, ஒன்றாகச் சேர்ந்து வசனம் சொல்லும் ஓர் உரைஞர் குழுவை அமையுங்கள். இருவர் வராத நாளிலும் மற்றவர்கள் வரியைத் தாங்கிக்கொள்வார்கள். வாசிக்கத் தடுமாறுபவருக்கும் கூட்டக் குரலோடு சேர்ந்து சொல்லச் சொல்ல வசனம் வாயில் படிந்துவிடும். சந்தைக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்க, குழு முழுவதும் விலையைக் கூவியபடி ஓரடி முன்வரட்டும். அவர் முகம் சுளித்ததும் விலையைக் குறைத்து ஓரடி பின்வாங்கட்டும். ஒரு கூடைகூட இல்லாமல் வெள்ளவத்தைச் சந்தை அங்கே வந்துவிடும். தனிப் பாத்திரங்கள் மூன்று போதும். அவற்றை ஒத்திகைக்கு ஒழுங்காக வருபவர்களுக்கே கொடுங்கள். எவ்வளவு திறமைசாலியானாலும் வராதவருக்காகத் தயவு பார்க்காதீர்கள்.

முதல் நாடகத்துக்கு மண்டபம் வாடகைக்கு எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பழகாத பெரிய மேடையில் ஒலிவாங்கியைத் தேடி நிற்பதிலேயே புதியவர்களின் நடிப்பு விறைத்துப்போகும். வகுப்பறை மேசைகளை ஒதுக்கிவிட்டுக் கதிரைகளைச் சுற்றிவரப் போட்டால் அதுவே வட்டக்களரியாகும். பார்ப்பவர்கள் அருகிலேயே இருப்பதால் இயல்பான குரலே போதும். காலி வீதி இரைச்சலுக்கு மட்டும் யன்னல்களைச் சாத்திக்கொள்ளுங்கள்.

நாற்பது நிமிடத்துக்கு மேல் நாடகத்தை நீட்டாதீர்கள். ஒத்திகையையும் இரவு எட்டு மணிக்கு முன்னரே நிறுத்திவிடுங்கள். வத்தளைக்கும் மொறட்டுவைக்கும் போக வேண்டியவர்கள் பஸ்ஸை நினைத்துக்கொண்டு நின்றால் அதற்குப் பிறகு சொல்லிக்கொடுப்பது எதுவும் மனதில் ஏறாது.