ஓய்வு பெற்ற பிறகு இயற்கைப் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

"அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். இதுவரை மொபைலில்தான் படம் எடுத்திருக்கிறேன். பறவை, பூச்சியெல்லாம் எடுக்க ஆசை. இந்த வயதில் வருமா? எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வரும். நானும் ஓய்வுக்குப் பிறகுதான் ஆரம்பித்தேன், இது ஏழாவது வருடம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இல்லாத ஒன்று இனி உங்களுக்கு இருக்கும்: ஒரே இடத்துக்கு நாள் தவறாமல் போக நேரம். இந்தப் பொழுதுபோக்கில் அதைவிடப் பெரிய வசதி கிடையாது.

நான் போவது நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஒரு குளத்துக்கு. முதல் சில வாரங்கள் அங்கிருந்த மீன்கொத்தியின் பின்னாலேயே அலைந்தேன். கிட்டே போனதும் பறந்துவிடும். அப்புறம் துரத்துவதை விட்டுவிட்டு, கரையில் ஓர் இடத்தில் சும்மா உட்கார ஆரம்பித்தேன். சுற்றிச் சுற்றி அதே இரண்டு மூன்று கிளைகளுக்குத்தான் அது வருகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் காலை, வெயில் என் முதுகுப் பக்கம் விழும்படி அந்தக் கிளைக்கு எதிரே உட்கார்ந்தேன். மீனோடு வந்தது. அதைக் கிளையில் அடித்து அடித்து, தலைப்பக்கமாக விழுங்கியது. கை நடுங்கியதில் பாதிப் படங்கள் கலங்கிவிட்டன. ஆனாலும் அன்றைய சந்தோஷம் இன்னும் அப்படியே இருக்கிறது. தும்பிகளிலும் பல இப்படித்தான். பறந்துபோனால் தேடாதீர்கள், அது உட்கார்ந்திருந்த குச்சியிலேயே ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள், பெரும்பாலும் திரும்பி வரும்.

சரி, கேமரா. வாங்கும்போது முதலில் எடையைப் பாருங்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய பெரிய லென்ஸும் கேமராவும் சேர்ந்து ஏறக்குறைய 4 கிலோ. தோள்வலி வந்து அரை வருடம் அலமாரியிலேயே கிடந்தது. இப்போது வைத்திருப்பது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகை, அதாவது படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் சிறியதாக இருக்கும் கேமரா. அதில் 300 மி.மீ. லென்ஸ் போட்டால், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 600 மி.மீ. போட்டது போன்ற நெருக்கம் கிடைக்கும். வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், அது உண்மைதான். ஆனால் தினமும் கையில் எடுத்துப்போக முடிகிற கேமராதான் நமக்கு நல்ல கேமரா என்பது என் கருத்து. திருப்பக்கூடிய திரை இருக்கட்டும். தரையில் இருக்கும் பறவையை அதன் கண் மட்டத்திலிருந்து எடுக்க முழங்கால் மடக்கிப் படுக்க வேண்டியதில்லை, கேமராவை மட்டும் கீழே இறக்கினால் போதும்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒன்று. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் பக்கத்தில் டயாப்டர் என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். உள்ளே தெரியும் எழுத்துகள் தெளிவாகும்வரை அதைத் திருப்புங்கள். இது தெரியாமல் என் கண்தான் கெட்டுவிட்டது என்று பல மாதம் கவலைப்பட்டேன்.

அமைப்புகளில் ஆரம்பத்துக்கு ஷட்டர் வேகம், அதாவது ஒரு படம் பதிவாக எடுக்கும் நேரம், மட்டும் போதும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி, பறப்பதற்கு 1/2000. லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு நம் கைநடுக்கத்தைத்தான் சமாளிக்கும், பறவையின் அசைவை அல்ல. வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் வெளிச்சத்தை, சற்றுக் குறையுங்கள், இல்லையென்றால் இறகின் வரிகளே தெரியாது. உச்சி வெயிலில் எடுக்க வேண்டாம். சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரம் போதும்.

கூடுகளின் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். நாம் அங்கே நிற்கும்வரை தாய்ப்பறவை உள்ளே வராது, குஞ்சுகள் பட்டினி கிடக்கும். நாம் போய்வரும் தடம் காகத்துக்கும் பூனைக்கும் கூட்டைக் காட்டிக்கொடுத்துவிடலாம். எவ்வளவு நல்ல படமானாலும் அதற்கு ஈடாகாது.

எடுத்தது என்னவென்று தெரியாவிட்டால் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்ற இணையதளத்தில் ஏற்றுங்கள். 2008-ல் மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது. விவரம் தெரிந்தவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். தேதியும் இடமும் சேர்ந்தே பதிவாவதால் ஆய்வாளர்களுக்கும் உங்கள் படம் உதவும்.

இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே, கேமராவை மெதுவாக வாங்கலாம். இடத்தை இப்போதே பார்த்து வையுங்கள். விடுமுறைக் காலைகளில் வெறும் கையோடு போய் உட்காருங்கள். எந்தக் கிளையில் எது வந்து உட்காருகிறது, எத்தனை மணிக்கு, வெயில் எந்தப் பக்கம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்.