கார் தொழிற்சாலையை நம்பி வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

சென்ற சனிக்கிழமை மாலை நீங்களும் உங்கள் கணவரும் மகனை அழைத்துக்கொண்டு அம்பத்தூரிலிருந்து என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்தபோது, அவனுடைய +2 மதிப்பெண்ணைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை என்று சொன்னேன். அதில் மாற்றமில்லை. ஆனால் கிளம்பும் நேரத்தில், தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் மின்வாகனப் பொறியியலில் அவனைச் சேர்க்க, ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் வீதம் கட்டுவதற்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். உங்கள் கணவரின் முகத்தைப் பார்த்ததும், யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்: அந்தக் கடனை வாங்காதீர்கள்.

வின்ஃபாஸ்ட் தூத்துக்குடிக்கே வந்துவிட்டது, நான்கு ஆண்டுகளில் பையன் வெளியே வரும்போது வேலை வாசலில் நிற்கும் என்பது உங்கள் அண்ணனுடைய வாதம். செய்தி உண்மைதான். வியட்நாமைச் சேர்ந்த அந்த மின்கார் நிறுவனம் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்டில் தொழிற்சாலையைத் திறந்தது. ஆனால் அப்படியொரு நிறுவனம் கடல் தாண்டி வந்து ஏன் முதலீடு செய்கிறது என்ற கேள்வியைத் தாய்மாமா கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. முழுதாகச் செய்து முடித்த காரைக் கப்பலில் கொண்டுவந்தால் இந்தியாவில் 70 சதவீதமும், விலை உயர்ந்த காராக இருந்தால் 110 சதவீதமும் சுங்க வரி கட்ட வேண்டியிருந்தது. பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் வரி மிகவும் குறைவு. இதோடு மாநில அரசு நிலமும் சலுகையும் தருகிறது. இந்தக் கணக்குதான் அவர்களை இங்கே வரவழைக்கிறது.

இது இன்று தோன்றிய வழக்கம் அல்ல. 1981இல் ஜப்பானியக் கார்களின் ஏற்றுமதிக்கு அமெரிக்காவின் நெருக்கடியால் உச்சவரம்பு வந்தது. 1982இலேயே ஹோண்டா ஒஹாயோ மாநிலத்தில் கார் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. சீனாவின் மின்கார் நிறுவனமான பிஒய்டி இன்று ஹங்கேரியிலும் பிரேசிலிலும் ஆலை அமைப்பதற்குப் பின்னாலும் ஐரோப்பிய, பிரேசிலிய இறக்குமதி வரிகள் இருக்கின்றன. பிரேசிலில் அவர்கள் எடுத்துக்கொண்ட இடம், ஃபோர்டு 2021இல் மூடிவிட்டுப் போன ஆலையின் இடம்.

அதே ஃபோர்டு அதே 2021இல் இந்தியாவிலும் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்ததும், 2022இல் மறைமலைநகரில் கடைசிக் கார் வெளியே வந்ததும் உங்கள் கணவருக்கு நினைவிருக்கும். ஆலைக்குத் திரும்பி வரும் விருப்பத்தை 2024இல் தமிழ்நாடு அரசிடம் தெரிவித்த நிறுவனம், 2025இல் அங்கே எஞ்சின் தயாரிக்கப் போவதாக அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தத் தொழிலாளர் குடும்பங்கள் எப்படிக் காத்திருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வரியும் ஓர் உடன்படிக்கையின் கையெழுத்தில் மாறிவிடும். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான உடன்படிக்கை, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் அங்கிருந்து வரும் கார்களுக்கான வரியைப் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் கொண்டுவர வகை செய்கிறது. வரிக்காக வருகிற நிறுவனம் வரி மாறினால் திட்டத்தையும் மாற்றிக்கொள்ளும். அதை நான் குறை சொல்லவில்லை. அந்தத் திட்டத்தின் மேல் 17 வயதுப் பையனின் படிப்பையும் உங்கள் வீட்டையும் ஏற்றி வைக்காதீர்கள் என்கிறேன். மின்வாகனத் துறைக்கே போக வேண்டுமென்றாலும், மின்னியலும் இயந்திரவியலும் படித்தவர்களுக்கு அங்கே கதவு திறந்தே இருக்கிறது; பெயரிலேயே அந்தத் துறையைத் தாங்கிய பட்டம்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பையனைப் பற்றி நீங்கள் சொன்னதைவிட அவன் செய்தது எனக்கு அதிகம் சொன்னது. நாம் பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரமும் அவன் என் மேசையிலிருந்த பிளாஸ்டிக் பேனாத் தாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடு எதனால் வருகிறது என்று கேட்டான். உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வடிவம் கொடுக்கும் அச்சின் இரு பாதிகள் சேரும் இடம் அது. அந்தக் கோட்டைக் கவனிக்கும் கண் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதில்லை.

காரின் பம்பர், டேஷ்போர்டு, விளக்கின் மூடி ஆகிய ஒவ்வொன்றுக்கும் முன்னால் எஃகில் செதுக்கிய ஓர் அச்சு இருக்கிறது; கதவுக்கும் பானெட்டுக்கும் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் டை இருக்கிறது. மோல்டு, டை என்று பட்டறையில் சொல்லும் இவற்றைச் செய்வதுதான் டூல்ரூம் வேலை. அவனுக்கு நான் சொல்வது இந்த வேலையைத்தான். பம்பர் அச்சு பல டன் எடையுள்ள எஃகுக் கட்டி. கணினியில் வரைந்து, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் குடைந்து, வெட்டுக் கருவி நுழைய முடியாத மூலைகளை மின்பொறியால் அரித்து, மெல்லிய மின்கம்பியால் அறுக்கும் வயர்கட் இயந்திரத்தில் அறுத்து, கடைசியில் ஒரு மனிதர் நீல மை தடவி இரு பாதிகளையும் சேர்த்துப் பார்த்து, மை ஒட்டிய இடத்தை மட்டும் கையால் தேய்த்துப் பொருத்துவார். உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும் என்பதால், அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகவே செய்ய வேண்டும். எங்கே குளிர்நீர் ஓட வேண்டும், காற்று எங்கே வெளியேற வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். தவறினால் பாகம் கோணும், ஓரத்தில் பிசிறு வரும்.

இதற்கும் வரிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2024 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த மின்கார்த் திட்டத்தின்படி குறைந்த வரியில் கார் இறக்குமதி செய்ய விரும்பும் நிறுவனம் இங்கே குறைந்தது 4,150 கோடி ரூபாய் முதலீடு செய்வதோடு, மூன்று ஆண்டுகளில் 25 சதவீதமும் ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதமும் உள்நாட்டு மதிப்புக் கூட்டலை, அதாவது காரின் மதிப்பில் இங்கேயே உருவாகும் பங்கை, எட்ட வேண்டும். அப்படி உள்ளூருக்கு வரும் பாகங்களில் பம்பர் போன்றவை முன்வரிசையில் நிற்கும். எடை குறைவாகவும் உருவம் பெரிதாகவும் இருப்பவற்றைக் கப்பலில் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. அச்சையே சீனாவிலிருந்தோ கொரியாவிலிருந்தோ வாங்கி வந்தாலும், அது தேய்ந்தால் சரிசெய்யவும் புதிய மாடலுக்காகத் திருத்தவும் இங்கே ஆள் வேண்டும். பெட்ரோல் காரோ மின்சாரக் காரோ, எதற்கும் பம்பர் உண்டு. கார் நிறுவனமே கிளம்பிவிட்டாலும், மிக்ஸி, கைப்பேசி, ஊசிக்குழாய் செய்பவர்களுக்கும் இதே கை வேண்டும்.

இதற்கான படிப்பு கிண்டியிலேயே இருக்கிறது. 1968இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான சிப்பெட்டில் பிளாஸ்டிக் அச்சுத் தொழில்நுட்ப டிப்ளமா மூன்றாண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி, நுழைவுத் தேர்வு உண்டு. திண்டுக்கல்லில் அரசின் கருவிப் பொறியியல் பயிலகம் இருக்கிறது. ஐடிஐயில் டூல் அண்ட் டை மேக்கர் பிரிவு இரண்டு ஆண்டுகள். '+2 முடித்தவன் டிப்ளமாவா?' என்று உறவினர்கள் கேட்பார்கள். டிப்ளமா முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். சில ஆண்டுகள் கூடுதலாகும், ஆனால் அதற்குள் அவன் சம்பாதிக்கவும் பழகியிருப்பான்.

இது சுகமான வேலை என்று நான் சொல்லமாட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு, இரவு ஷிஃப்ட், முதல் சில ஆண்டுகளில் குறைந்த சம்பளம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் கடனைப் பாருங்கள். நான்கு ஆண்டுக் கட்டணமான 12 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைக்க, மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் தவணை வரும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் பையனின் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். வேலை தாமதமானால், அடுத்த சில ஆண்டுகளில் ஓய்வு பெறவிருக்கும் உங்கள் கணவர்தான் கட்ட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

கல்லூரிக்கு முன்பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றீர்கள். அதற்கு முன், புதன்கிழமை அவனைக் கிண்டிக்கு அழைத்துப் போய்ப் பட்டறையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பத் தேதியையும் கட்டணத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே அவன் இயந்திரத்தின் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்று மட்டும் பாருங்கள், அவனிடம் எதுவும் கேட்காதீர்கள். வியாழக்கிழமை காலை 11 மணிக்கு மூவரும் வாருங்கள். உங்கள் அண்ணனும் வரட்டும். அவரிடம் நானே பேசுகிறேன்.