கடைப் பெயரில் டாட் காம் கிடைக்கவில்லை. டாட் இன், டாட் ஷாப், டாட் ஸ்டோர் – தொழிலுக்கு எதை வாங்குவது?

ஈரோட்டில் பெட்ஷீட், துண்டு மொத்த வியாபாரம் செய்வதாகவும், டாட் காம் வேறு யாரோ வாங்கிவிட்டதாகவும், டாட் ஷாப் முதல் வருடம் நூறு ரூபாய்க்குள் கிடைப்பதால் அதை எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். டாட் இன் வாங்குங்கள். அந்த நூறு ரூபாய் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் அப்படித்தான் முடிவு செய்தேன்.

காங்கேயத்தில் எங்களுக்குச் செக்கு எண்ணெய்த் தொழில். 2018இல் வெப்சைட் போட்டபோது டாட் காம் இல்லை. டாட் ஸ்டோர் முதல் வருடம் நூறு ரூபாய்கூட இல்லை, பெயரும் கடைக்குப் பொருத்தமாக இருந்தது. வாங்கி, டின் லேபிள், விசிட்டிங் கார்டு, வண்டி என்று எல்லாவற்றிலும் அடித்துவிட்டோம்.

முதல் தொல்லை போனில் வந்தது. முகவரி கேட்பவர்களிடம் பெயரைச் சொல்லி "டாட் ஸ்டோர்" என்றால், "சரிங்க, அதுக்கப்புறம் டாட் காமா?" என்பார்கள். இல்லை, அவ்வளவுதான் என்று சொன்னாலும் பாதிப் பேர் காம் சேர்த்துத்தான் எழுதிக்கொண்டார்கள். சென்னையில் பலகாரக் கடை வைத்திருக்கும் ஒருவர் மாதாமாதம் கடலை எண்ணெய் எடுக்க விலை கேட்டு மெயில் போட்டிருக்கிறார். அது டாட் காம் முகவரிக்குப் போயிருக்கிறது. பதில் வரவில்லை என்று வேறு இடத்தில் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோதுதான், "ஒரு பதில்கூடப் போடலையே" என்று வருத்தப்பட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெரிய கம்பெனிக்கே இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக் நிறுவனம் 2010இல் மூன்றரை லட்சம் டாலர் கொடுத்து 'ஓ டாட் கோ' என்ற முகவரியை வாங்கியது. 2011இல் அந்தப் பெயரிலேயே விளம்பரம் செய்து, ஓக்லாந்து நகரத்து ஸ்டேடியத்துக்கும் அதைச் சூட்டியது. ஜனங்களோ 'ஓ டாட் காம்' என்று தட்டினார்கள். அப்படி ஒரு தளமே கிடையாது. அந்த வருடக் கடைசிக்குள் பழைய ஓவர்ஸ்டாக் டாட் காமையே மறுபடி முன்னிறுத்த வேண்டியதாயிற்று. விரலுக்கு எது பழக்கமோ அங்கேதான் அது போகும்.

இரண்டாவது தொல்லை புதுப்பிக்கும்போது வந்த பில். மூவாயிரத்துக்கு மேல். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட்டேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. டாட் காமை நடத்தும் வெரிசைன் நிறுவனம், நமக்கு முகவரி விற்கும் கம்பெனிகளான பதிவாளர்களிடம் வாங்கும் மொத்த விலையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, ஒப்பந்தத்தில் வரம்பு உண்டு. 2024 செப்டம்பரில் அது வருடத்துக்கு 10.26 டாலர் ஆனது. ஷாப், ஸ்டோர், ஆன்லைன் போன்றவை 2012இல், உலகம் முழுக்க இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு விண்ணப்பம் வாங்கிய பிறகு வந்தவை. அந்த முறை 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. இந்தப் புது எக்ஸ்டென்ஷன்களுக்கு, அதாவது முகவரியின் கடைசிப் பகுதிகளுக்கு, விலை வரம்பு இல்லை. ஏற்றுவதற்கு ஆறு மாதம் முன்பு பதிவாளர்களுக்குச் சொன்னால் போதும். அதனால் எதை வாங்கினாலும் புதுப்பிக்கும் விலையைத்தான் முதலில் பாருங்கள். அது அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

டாட் இன் ஏன் என்று கேட்டால், உங்கள் வியாபாரம் இந்தியாவுக்குள். டாட் இன் 1989 முதல் இருந்தாலும், 2005இல் அதை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பு பொறுப்பேற்ற பிறகுதான் யார் வேண்டுமானாலும் நேரடியாக வாங்கலாம் என்றானது. கூகுள் அதை இந்தியாவுக்கான தளம் என்றே எடுத்துக்கொள்கிறது. ஷாப், ஸ்டோர் என்று முடிவதால் தேடலில் தனிச் சலுகை எதுவும் கிடையாது. அதை கூகுளே சொல்லியிருக்கிறது. அப்புறம், ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாறச் சொன்னது. பணம் அனுப்பப் போகும் ஆளின் கண்ணுக்கு இனி டாட் இன் இன்னும் பழகும். உங்கள் பெயரில் 'கோ டாட் இன்' முகவரியும் காலியாக இருந்தால் அதையும் வாங்கி டாட் இன்னுக்கே திருப்பிவிடுங்கள்.

ஏற்றுமதி எண்ணம் இருந்தால் என் பதில் மாறும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு டாட் காம்தான் நல்லது. கடைப் பெயரோடு ஊர்ப் பெயரையோ டெக்ஸ்டைல்ஸ் என்பதையோ சேர்த்துத் தேடுங்கள், கிடைத்துவிடும். ஐரோப்பாவுக்கு விற்கிறோம் என்று டாட் ஈயூ ஆசைப்பட வேண்டாம், அதற்கு அங்கே இருப்பிடமோ குடியுரிமையோ வேண்டும். பிரிட்டன் வெளியேறியதும், 2021 ஜனவரியிலிருந்து அந்நாட்டுக் கம்பெனிகளே அந்தத் தகுதியை இழந்தன.

'டாட் இந்தியா' என்பதைத் தமிழ் எழுத்திலேயே வாங்கலாம். எனக்கு அதன் மேல் ஆசை அதிகம், எங்கள் பெயரில் ஒன்று வாங்கியும் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் மெயில் முகவரி வைத்தால் பல இடங்களில் ஃபார்மே ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் இப்போதைக்கு டாட் இன்னுக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை. உங்கள் பெயரில் உள்ள டாட் காமைத் திறந்து பாருங்கள். சும்மா விலைக்குப் போட்டிருந்தால் கவலை இல்லை. அதை வைத்திருப்பவரும் ஜவுளிக்காரர் என்றால், டாட் இன் பேச்சையே விடுங்கள், வெப்சைட்டுக்கு வேறு பெயர் யோசியுங்கள். நீங்கள் செய்யும் விளம்பரத்தில் பாதி அவருக்குப் போகும். அவர் டிரேட்மார்க் பதிந்திருந்தால், டாட் இன் தகராறுகளுக்கென்றே இருக்கும் நடைமுறையில் புகார் கொடுத்து உங்கள் பெயரையே பறிக்கவும் முடியும்.

டொமைன், அதாவது வாங்கும் வெப்சைட் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் மொபைல் நம்பரில் பதிவாகட்டும். வெப்சைட் செய்து தரும் தம்பி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கணக்கில் வேண்டாம். அவர் வேலை மாறிப் போனால், புதுப்பிக்கச் சொல்லும் மெயில் யாருக்கும் வராது.

நாங்கள் 2020இல் டாட் இன்னுக்கு மாறினோம். பழைய டாட் ஸ்டோரை விட முடியவில்லை. அந்த லேபிள் ஒட்டிய டின்களில் எத்தனையோ வீடுகளில் இன்னும் அரிசியும் பருப்பும் போட்டு வைத்திருக்கிறார்கள். போன மாதம்கூடப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா டின்னைப் பார்த்து அந்த முகவரியைத் தட்டி ஆர்டர் போட்டார். நாங்கள் விட்டுவிட்டால் வேறு யாராவது வாங்கி, எங்களுக்கு வரும் மெயிலை எல்லாம் அவர்கள் படிக்கலாம். அதனால் அந்த மூவாயிரத்தை வருடா வருடம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.