பழைய தொட்டிலுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 34 வாரத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்து இன்றோடு 20 நாள். பையன் 1.8 கிலோ, பெண் 2.1 கிலோ. பட்டுக்கோட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மூன்றாம் மாதம் கும்பகோணத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே பழைய ஓட்டு வீடு, வாடகைக்கு இருக்கிறோம். என் கணவர் 15,000 ரூபாய் எடுத்து வைத்து, சனிக்கிழமைகளில் தானே சுவரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அவரைக் குழந்தையில் போட்டு ஆட்டிய, பச்சைப் பெயின்ட் அடித்த மரத்தொட்டிலை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, புதுப் பெயின்ட் அடிக்கப் போகிறார். பேக்கிங் பெட்டிப் பலகையில் அலமாரி செய்யவும் திட்டம். மாமியார் தூளிக்கும் துணிக்கும் பீரோவிலிருந்து பழைய நூல் புடவைகளை எடுத்து வைத்திருக்கிறார். இதெல்லாம் குழந்தைகளுக்கு ஆகுமா? அதற்குள் வீடு தயாராகுமா என்று நினைத்தாலே ராத்திரியில் அழுகை வந்துவிடுகிறது.

பதில்: முதலில் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 34 வாரத்தில் பிறந்த, 2 கிலோவுக்கு உட்பட்ட எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாளுக்குள் கண்ணின் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும் நோய் ஒன்று இருக்கிறது. வெளியே பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கும், உள்ளே பார்வை போய்க்கொண்டிருக்கும். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையால் பார்வையைக் காப்பாற்றலாம். பிரசவம் பார்த்த இடத்தில் இதைச் சொல்லி அனுப்பியிருந்தால் நல்லது. சொல்லவில்லை என்றால், இதைப் படிக்கும்போது 30 நாள் தாண்டியிருந்தாலும் பரவாயில்லை, பெண் 2 கிலோவைத் தாண்டியிருந்தாலும், நாளைக்கே இரண்டு பேரையும் விழித்திரை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டு வேலையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இப்போது தொட்டில். உங்கள் வீட்டுக்காரரிடம் இன்றே போன் செய்து உப்புத்தாளைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அவர் குழந்தையாக இருந்த காலத்து எனாமல் பெயின்டில் ஈயம் கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களுக்கு ஈயம் சேர்ந்த நிறமிகளைத்தான் அந்தக் காலத்தில் அதிகம் பயன்படுத்தினார்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி வந்தது 2016இல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்திய பெயின்டைக் கண்ணால் பார்த்து நல்லது, கெட்டது என்று பிரிக்க முடியாது.

சுவரிலோ மரத்திலோ ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும்வரை ஈயம் பெரிய தொல்லை தராது. தேய்க்கும்போதுதான் மாவு போலத் தூள் பறந்து தரை, பாய், துணி என்று எல்லாவற்றிலும் படிகிறது. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். கைக்குழந்தைகளின் குடல் அதைப்போல நாலைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளரும் காலத்தில் ஈயம் செய்யும் கெடுதலைப் பிறகு மாற்ற முடியாது. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஈயத்துக்கு ஓர் அளவே கிடையாது.

சனிக்கிழமை தொட்டிலைத் தேய்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அதே சட்டையோடு பஸ் ஏறி வந்து குழந்தையைத் தூக்கினால், அந்தத் தூளும் கூடவே வந்துவிடும். வேலை செய்த துணியைத் தனியாக ஊறவைத்து, தலைக்குக் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஏற்கெனவே தேய்த்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூள் மறுபடி கிளம்பும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைத் தூக்கி எறிந்துவிட்டு, இன்னொரு முறை புதுத் துணியால் துடைக்கட்டும். சுவரில் பழைய பூச்சு உதிர்ந்தால் அதையும் தண்ணீர் தெளித்து ஈரத்தோடுதான் சுரண்ட வேண்டும்.

அந்தத் தொட்டிலின் மீது அவருக்கு இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதில் குழந்தையைப் படுக்க வைக்க வேண்டாம். புதுப் பெயின்ட் அடித்தாலும் பழையது அடியில் இருக்கும். ஆறேழு மாதத்தில் பல் முளைக்கும்போது குழந்தை கடிப்பது அந்த விளிம்பைத்தான். பழைய தொட்டில்களில் சட்டங்களுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குழந்தையின் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும். போதாததற்கு உங்களுக்கு இரண்டு குழந்தைகள். இருவரையும் ஒரே தொட்டிலில் போடக் கூடாது.

அப்படியானால் எங்கே படுக்க வைப்பது? தரையில்தான். கோரைப்பாய், அதன்மேல் நாலாக மடித்து இறுக்கமாக விரித்த ஒரு பருத்திப் போர்வை, இவ்வளவு போதும். இதைவிட நல்ல படுக்கையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்பது என் கருத்து. சமதளம், அமுங்காது, உருண்டு விழ இடமில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனிப் பாய், உங்கள் பக்கத்திலேயே. மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை எதுவும் வேண்டாம், கடுகுத் தலையணையும் வேண்டாம். ஆளுக்கொரு குடைக் கொசுவலை போதும். கொசுவர்த்தி மட்டும் கூடவே கூடாது. மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைப்பதற்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். குறைமாதக் குழந்தையின் நுரையீரல் அதைத் தாங்காது. சாம்பிராணிக்கும் இதே பதில்தான்.

தூளி பற்றி உங்கள் மாமியார் வருத்தப்படக் கூடும். தூளியில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சோடு ஒட்டும். எடை குறைந்த குழந்தைக்குக் கழுத்தை நிமிர்த்தத் தெம்பு இருக்காது, மூச்சு தடைப்படும். அதனால் முதல் சில மாதங்கள் வேண்டாம்.

அவர் எடுத்து வைத்த புடவைகளைப் பற்றி இன்னொன்று. பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். சில வருடங்களுக்கு முன் ஆறு நாள் ஆண் குழந்தை ஒன்றை என்னிடம் தூக்கி வந்தார்கள். உள்ளங்கால் வரை மஞ்சள். சுற்றியிருந்த துணியைப் பிரித்ததுமே அந்துருண்டை நெடி அறை முழுக்கப் பரவியது. பாட்டி ஆசையாக எடுத்து வைத்த புடவை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நாப்தலீன் நெடி பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். இந்தக் குறைபாடு பையன்களிடம்தான் அதிகம். அந்தக் குழந்தை நீலவிளக்குச் சிகிச்சையில் பிழைத்துக்கொண்டது. உங்கள் வீட்டிலும் அந்துருண்டை வாசம் வரும் துணி இருந்தால் அதை ஜன்னல் திரைக்குக்கூட வைக்க வேண்டாம். வாசமில்லாத நூல் புடவை, பழைய வேட்டி என்றால் தாராளமாக எடுக்கலாம். துவைத்து, வெயிலில் காயவைத்து, சதுரமாகக் கிழித்துக்கொண்டால் அருமையான துணி நாப்கின். இரட்டைக் குழந்தை வீட்டில் டயப்பர் செலவைக் குறைக்க இதைவிட வழியில்லை.

சுவருக்கு என் யோசனை சுண்ணாம்பு. பழைய ஓட்டு வீட்டுச் சுவரில் முன்பும் சுண்ணாம்புதான் அடித்திருப்பார்கள், அதன்மேல் நன்றாகப் பிடிக்கும். எமல்ஷன் பூசிய சுவரென்றால் ஒட்டாமல் உரிந்து வரும். சுண்ணாம்பு விலையும் குறைவு, பெயின்ட் நெடியும் கிடையாது, அதன் காரத்துக்குப் பூஞ்சை சட்டென்று வராது. அடிக்கும்போது கண்ணில் தெறித்தால் கண்ணையே கெடுத்துவிடும், அதனால் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஓதம் ஏறிய சுவராக இருந்தால் முதலில் ஓட்டில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் மேலே என்ன பூசினாலும் ஒரு மழைக்காலத்தில் கறுத்துவிடும், அந்தப் பூஞ்சை குழந்தைகளின் மூச்சுக்கு ஆகாது. அந்த 15,000 ரூபாயில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும், இரண்டாவது ஜன்னல்களுக்குக் கொசுவலை. எல்லா வேலையும் நீங்கள் போவதற்கு இரண்டு வாரம் முன்பே முடிந்து, கதவும் ஜன்னலும் திறந்து கிடக்கட்டும்.

பேக்கிங் பலகையில் ஒரு முத்திரை இருக்கும். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம், எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு நச்சுப்புகை காட்டியது, வேண்டாம். முத்திரையே இல்லையென்றாலும் விட்டுவிடுங்கள். செய்த அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்க வேண்டும். ஒன்பது மாதத்தில் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்பார்கள்.

இனி உங்களைப் பற்றி. கடிதத்தில் கடைசியாக ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள், எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. பிரசவமான முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பெண்களுக்கு உண்டு. பத்துப் பதினைந்து நாளில் அது தானாக அடங்கிவிடும். உங்களுக்கு 20 நாள் ஆகிவிட்டது. இரட்டைக் குழந்தை பெற்றவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், தூக்கமும் கிடையாது. இது உங்கள் குணக்குறை இல்லை, சிகிச்சையில் குணமாகும் நோய். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. குழந்தைகளைக் காட்டப் போகும்போது உங்கள் டாக்டரிடம் இதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நடுராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் அம்மாவை எழுப்பி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ராத்திரியில் நீங்கள் ஒரே மூச்சில் நாலு மணி நேரமாவது தூங்க வேண்டும். பாலைப் பிழிந்து வைத்தால் ஒரு வேளை அம்மா பாலாடையில் கொடுக்கலாம். பாலாடையைக் கழுவி, பத்து நிமிடமாவது தண்ணீரில் கொதிக்கவைத்து எடுக்க வேண்டும். இந்த எடைக்குக் குழந்தைகள் பசித்து அழாமல் அப்படியே தூங்கிவிடும், அதனால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கியதுதான் கங்காரு பராமரிப்பு. குழந்தைக்கு டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு, சட்டையைக் கழற்றிய நெஞ்சில் நிமிர்த்திச் சாய்த்து, மேலே துணியால் கட்டிக்கொள்வது. உடம்புச் சூடு நிலைக்கும், எடை ஏறும். அப்பாவும் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அவர் குளித்துவிட்டு ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்காரட்டும். முதலில் பையன் ஒரு மணி நேரம், அப்புறம் பெண் ஒரு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.