வெயிலும் நஞ்சும் கருத்தரிப்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சித்திரையிலும் வைகாசியிலும் எங்கள் கலப்பினப் பசுவுக்கு இரண்டு முறை சினை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. ஆடியில் குளிர்ந்த பிறகும் அதே நிலைதான். எருமையோ பருவத்துக்கு வந்ததாகவே தெரியவில்லை. வெயில்தான் காரணம் என்றால், வெயில் போன பிறகும் ஏன் சரியாகவில்லை?
– ஒரு வாசகர், திருச்செங்கோடு

பதில்: வெயில் போய்விட்டாலும், அது செய்த கேடு மாட்டின் உடம்பில் இரண்டு மூன்று மாதங்கள் வரை தங்கிவிடுகிறது. ஆடியில் வெளிப்படும் கருமுட்டை, சினைப்பையில் பல வாரங்களாக வளர்ந்து முதிர்ந்து வந்த முட்டை. அது வளரத் தொடங்கியதே அக்னி நட்சத்திர நாள்களில்தான். அந்தச் சூட்டில் தரம் குறைந்த முட்டைகள் வெளியேறி முடியும் வரை ஊசி பலிப்பது கடினம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று நாள்களில் கரு சூட்டைத் தாங்காது. பசுவின் இயல்பான உடல் வெப்பம் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். இது ஓரிரு டிகிரி ஏறினாலே அந்த நாள்களில் கரு சிதைந்துவிடக்கூடும். 21 நாள் கழித்துப் பசு மீண்டும் பருவத்துக்கு வந்து கத்தும்போது ஊசி பலிக்கவில்லை என்று முடிவுகட்டுகிறோமே தவிர, கரு உருவாகிப் பின் அழிந்திருக்கலாம் என்று எண்ணுவதில்லை. காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு 72ஐத் தாண்டினால் கறவைப் பசு திணறத் தொடங்கும் என்பது கால்நடை அறிவியலில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு; தமிழகச் சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேல்தான் இருக்கிறது. ஹோல்ஸ்டீன் என்ற வெளிநாட்டுக் கறவை இனத்தின் இரத்தம் கூடக்கூடச் சூடு தாங்கும் திறன் குறைகிறது. திமில் உள்ள நாட்டு இனங்கள் இதை நன்றாகவே சமாளிக்கின்றன.

எருமைக்குக் கறுத்த தோல், வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. கோடையில் அதற்குப் பெரும்பாலும் ஊமைப் பருவம்தான்: கத்தாது, தீவனத்தைத் தள்ளாது, வழும்பும் சொற்பமாகவே வரும், அதுவும் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான். ஆகவே பால் கறக்கப் போவதற்கு முன்பே, எருமை படுத்திருக்கும் இடத்தில் தரையிலும் வால் அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கொட்டகைக்குத் தகரக் கூரை என்றால் அதன் மேல் தென்னங்கீற்று பரப்புங்கள். தண்ணீர் தெளித்தால் மட்டும் போதாது, காற்றோட்டமும் வேண்டும். காற்றில்லாத கொட்டகையில் தெளிக்கும் நீர் புழுக்கத்தைத்தான் கூட்டும். காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடும் பழைய விதி கோடைக்கும் பொருந்தும்.

கேள்வி: இரசாயனம் படாத இயற்கைத் தீவனம் மட்டும் கொடுத்தால் கால்நடைகளுக்கு மலட்டுத்தன்மையே வராது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். சரியா?
– ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: சரியன்று. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் நல்ல மேய்ச்சலில் இருந்த பெட்டைச் செம்மறி ஆடுகள் கூட்டம் கூட்டமாகச் சினை பிடிக்காமல் போயின. கருப்பை வெளியே தள்ளுவதும், ஈன முடியாமல் தவிப்பதும் பரவலாயின. கிடாக்களை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. காரணம் பூச்சிமருந்து அன்று. மண்ணை வளப்படுத்துவதற்காக விதைத்த குளோவர் என்ற பயறு வகைத் தீவனச் செடிதான். அதில் உள்ள ஃபார்மோனோனெட்டின் என்ற பொருளை ஆட்டின் அசைபோடும் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மாற்றிவிட, அது பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படத் தொடங்கியது. நீண்ட காலம் மேய்ந்த ஆடுகளுக்கு, மேய்ச்சலை மாற்றிய பிறகும் கருப்பை வாய் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிற்பாடு அந்தப் பொருள் குறைவாக உள்ள குளோவர் வகைகளைத் தேர்ந்தெடுத்து விதைத்துத்தான் இதைக் கட்டுப்படுத்தினார்கள். செம்மறி அளவுக்கு மாடுகள் இதனால் பாதிக்கப்படுவதில்லை; தாது உப்புக் குறைபாடுதான் இங்கே பெரிய சிக்கல், அதை இயற்கை, செயற்கை என்ற வாதத்தால் தீர்க்க முடியாது.

கேள்வி: என் கணவர் சாயப்பட்டறையில் கொதிகலன் அருகே வேலை பார்க்கிறார். திருமணமாகி நான்கு ஆண்டுகளாகிறது. எனக்கு மட்டுமே பரிசோதனை மேல் பரிசோதனையாக நடக்கிறது. அந்தச் சூட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இருக்கக்கூடும், சகோதரி. விந்தணு உருவாவதற்கு உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான சூழல் தேவை. விதைப்பை உடலுக்கு வெளியே அமைந்திருப்பதும் அதனால்தான். அடுப்பு, சூளை, உலை அருகே நாள்தோறும் நிற்கும் ஆண்களிடம் விந்தணுவின் எண்ணிக்கையும் அசைவும் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் ஒரே இடத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் இது நேர்வதில்லை என்பதால், பரிசோதிக்காமல் கொதிகலன் மீது பழியைப் போட முடியாது.

முதலில் அவருக்கு விந்துப் பரிசோதனை செய்யுங்கள். இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவைத் தவிர்த்த பிறகு மாதிரி கொடுக்க வேண்டும்; முடிவு குறைவாக வந்தால் சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். விந்தணு முழுமையாக உருவாக ஏறத்தாழ 74 நாள்கள் ஆவதால், இடையில் வந்த கடும் காய்ச்சல்கூட அடுத்த இரண்டு மூன்று மாத முடிவுகளைக் கெடுக்கும். அவரை வேறு பிரிவுக்கு மாற்றினாலும் பலன் தெரிய மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் அதை இன்றே விடச் சொல்லுங்கள். குழந்தையின்மைக்கு ஏறத்தாழப் பாதி இணைகளில் ஆணிடமும் காரணம் இருக்கிறது. செலவும் வலியும் குறைந்த இந்த ஒரு பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மனைவியை மட்டும் ஸ்கேன் மையத்துக்கும் ஆய்வகத்துக்கும் அலைய விடுவது மருத்துவ நியாயமே அன்று.

கேள்வி: பூச்சிமருந்து அடிப்பவர்களுக்குப் பிள்ளைப்பேறு பாதிக்கும் என்பது உண்மையா, வெறும் அச்சமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: எல்லா மருந்துக்கும் ஒரே பதில் கிடையாது, ஆனால் ஒன்றைப் பொறுத்தவரை ஐயத்துக்கே இடமில்லை. வேரைத் தாக்கும் நூற்புழுக்களை ஒழிக்கப் பயன்பட்ட டிபிசிபி என்ற மருந்தைத் தயாரித்த கலிபோர்னியாவின் லாத்ராப் ஆலையில், தங்களில் பலருக்கும் குழந்தை பிறக்காமல் இருப்பதைத் தொழிலாளர்கள்தாம் முதலில் கவனித்தார்கள். 1977இல் பரிசோதித்தபோது சிலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுகூட இல்லை. இந்த மருந்து விலங்குகளின் விதையைச் சுருக்குகிறது என்று 1961இலேயே ஆய்வுக் கட்டுரை வெளிவந்திருந்தது என்பதுதான் இதில் பொறுக்க முடியாத பகுதி. 1979இல் அமெரிக்கா பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது. இதே மருந்து பயன்பட்ட மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களோ நீதிமன்றப் படிகளைப் பல ஆண்டுகள் ஏற வேண்டியதாயிற்று. குறைந்த காலமே அந்த மருந்தோடு பழகியவர்களில் பலர் தேறினர். நீண்ட காலம் பழகி விந்தணு முற்றிலும் அற்றுப்போனவர்களில் தேறியவர்கள் அரிது.

நம் பக்கத்தில், காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. அங்குள்ள சிறுவர்கள் பருவமடைவது தாமதமாவதாக 2003இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்தது. இன்று கடையில் கிடைப்பவற்றில் எதையும் வெறுங்கையால் கலக்காதீர்கள், எதிர்க்காற்றில் அடிக்காதீர்கள், அடித்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். கலக்கும் நேரத்தில்தான் மருந்து செறிவாக இருக்கிறது, அதே நேரத்தில்தான் பெரும்பாலானோர் கையுறையைக் கழற்றி வைக்கிறார்கள்.

கேள்வி: ஆண்களின் விந்தணு எண்ணிக்கை பாதியாகிவிட்டது, தமிழ்நாட்டில் பிறப்பு குறைவதற்கு அதுவே காரணம் என்று கைப்பேசியில் செய்தி சுற்றுகிறதே?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: செய்தியின் முதல் பாதிக்கு ஆதாரம் உண்டு. 2017இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 1973க்கும் 2011க்கும் இடையே மேலை நாட்டு ஆண்களிடம் சராசரி அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 9.9 கோடியிலிருந்து 4.7 கோடியாகக் குறைந்ததாகக் கணித்தது. எண்ணும் முறைகள் மாறியதால் இதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சரிவு இருக்கிறது, அதன் அளவு விவாதத்துக்குரியது என்றே எனக்குத் தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழ்வரம்பு 1.6 கோடி என்பதால், சராசரி ஆண் இன்னும் அதற்கு மேலேயே இருக்கிறார்; விளிம்பில் இருந்தவர்களே கீழே விழுகிறார்கள். இரண்டாம் பாதி தவறு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1.8 என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியதற்குக் காரணம், பெண்கள் படித்ததும், திருமண வயது ஏறியதும், இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று குடும்பங்கள் தாமே முடிவெடுத்ததும்தான்.